குச்சி நுனியில் கேமரா, குமட்டுகிற வீடியோ

அந்தமானில் டைவ் அடித்துவிட்டு வந்து வீடியோ போடுகிறார்களே, கரையில் உட்கார்ந்து பார்க்கிறவனுக்கே தலை சுற்றுகிறது. ஆமை குதிக்கிறது, பவளப்பாறை சாய்கிறது, நடுநடுவே யாரோ ஒருவரின் முழங்கால் வருகிறது. கேட்டால் ஒரே பதில்: "ஸ்டெபிலைசேஷன் ஆன்லதான் இருந்துச்சு!"

இருந்திருக்கும். ஆட்டத்தைச் சரிசெய்யும் அந்த வசதி போடுவது, தண்ணீருக்கு வெளியே எடுப்பதற்கான கணக்கு ஐயா! கை எவ்வளவு திரும்பியது என்று கேமராவுக்குள் இருக்கும் கைரோ என்ற உணரி அளக்கும், படத்தை அதற்கு எதிர்ப்பக்கம் நகர்த்தும். தட்டைக் கண்ணாடி ஹவுசிங்குக்கு (கேமராவை மூடும் நீர்புகாப் பெட்டி) வெளியே தண்ணீர் இருந்தால் ஒளி விலகி, படம் சுமார் 1.33 மடங்கு பெரிதாகத் தெரியும். ஆட்டமும் அதே அளவு பெரிதாகும். திருத்தம் மட்டும் பழைய அளவிலேயே நிற்கும். மிச்சம் திரையில் ததும்பும். கேமராவில் தண்ணீருக்கென்று மோடு இருந்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் உள் ஸ்டெபிலைசேஷனை அணைத்து எடுத்து, கைரோஃப்ளோ மாதிரி மென்பொருளில் ஒளிவிலகல் எண்ணை 1.33 ஆக்குங்கள். வெளிச்சம் குறைந்த ஆழத்தில் ஷட்டர் மெதுவாகி ஃப்ரேமே கலங்கியிருந்தால் எந்த மென்பொருளும் காப்பாற்றாது.

அடுத்தது அந்தச் செல்ஃபி குச்சி. உள்ளங்கை அளவு கேமராவைக் குச்சி நுனியில் மாட்டி ஒற்றைக் கையில் நீட்டினால், நீரோட்டம் பட்டம் மாதிரி ஆட்டாமல் கொஞ்சுமா? கேமராவை மாட்ட இரண்டு கைப்பிடி வைத்த தட்டு, அதாவது ட்ரே, வாங்குங்கள். முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொள்ளுங்கள். ட்ரே, லைட் என்று கனம் ஏறினால் நடுக்கம் குறையும், ஆனால் மணிக்கட்டு கடுக்கும். அதற்குத்தான் ஃப்ளோட் எனும் மிதவை. மொத்த செட்டையும் வாளித் தண்ணீரில் முழுக்கி, லக்கேஜ் தராசில் தொங்கவிட்டுப் பாருங்கள். 600 கிராம் காட்டினால், 400-450 கிராம் தூக்கும் ஃப்ளோட் போதும். கொஞ்சம் கனமாகவே இருக்கட்டும். கைநழுவினால் மெல்ல இறங்குமே தவிர, மேலே பறந்துவிடாது.

இவ்வளவும் செய்தாலும் ஆடும். ஏனென்றால் ஆடுவது நீங்கள். கூட்டம் கூட்டமாக ஆட்களைக் கடலுக்குள் கூட்டிப்போகும் இடங்களில் ஆள் சீக்கிரம் மூழ்கட்டும் என்று இடுப்பில் ஈயத்தை அள்ளிக் கட்டிவிடுகிறார்கள். அதைச் சமாளிக்க பிசிடியில் (மிதப்பைச் சரிசெய்யும் காற்றுச் சட்டை) காற்றை ஊத வேண்டும், கால் கீழே தொங்கும், நிற்காமல் உதைக்க வேண்டும். ஒவ்வொரு உதையும் கேமராவுக்குப் போகும். டைவ் முடிவில், காற்று டேங்கில் 50 பார் அழுத்தம் இருக்கும்போது ஈயம் சரியா என்று சோதியுங்கள்: பிசிடியைக் காலிசெய்து, சாதாரணமாக மூச்சிழுத்தபடி அசையாமல் இருந்தால் தண்ணீர் கண் மட்டத்தில் நிற்க வேண்டும். முழு டேங்கோடு சோதித்தால் சுமார் 2 கிலோ ஈயம் கூட்டிக்கொள்ளுங்கள். தீரப்போகும் காற்றின் எடை அது.

"மூச்சைப் பிடிச்சுக்கிட்டு எடு" என்று அறிவுரை சொல்கிற மகானுபாவர்களைத்தான் முதலில் கட்டி வைக்க வேண்டும். டேங்க் காற்றை இழுத்து அடக்கிக்கொண்டு 10 மீட்டரிலிருந்து மேலே வந்தால் அது இரண்டு மடங்காக விரியும். நுரையீரல் கிழியும். அரை லிட்டர் மூச்சு உங்களை அரை கிலோ தூக்கும், உண்மைதான். அதனால் மூச்சைச் சீராக, நீளமாக இழுத்து விடுங்கள், அடக்காதீர்கள்.

அலை முன்னும் பின்னும் இழுக்கும்போது எதிர்த்து உதைத்துப் பயனில்லை. அதோடே போய்வாருங்கள். மீனும் அப்படித்தான் போய்வருகிறது, அதனால் ஃப்ரேமில் மீன் நிற்கும், பின்னணிதான் நகரும். நெருக்கமாக எடுக்க வேண்டுமா, இழுப்பு திரும்பும் அந்த ஒரு கணம் நீர் நிற்கும், அதற்குக் காத்திருங்கள். தயவுசெய்து பவளத்தைப் பிடித்துக்கொள்ளாதீர்கள்! விளையாட்டில்லை, இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில் இருக்கிற உயிர் அது.

ஜூம் வேண்டாம், அகல லென்ஸில் கிட்டே போங்கள். ஒரு ஷாட்டுக்குப் பத்து நொடி கையைத் திருப்பாமல் வையுங்கள். மூன்று நொடிக்கொரு தரம் டார்ச் அடிக்கிற மாதிரி கேமராவை வீசுகிறீர்களே, அங்கே என்ன திருடனையா தேடுகிறீர்கள்? ஆமையைத் துரத்தவும் வேண்டாம். துரத்தி எடுத்த ஆமை வீடியோ எல்லாவற்றிலும் இருப்பது அதன் பின்பக்கம்தான்.