கண்ணாடிக்குள் பூட்டிய பால்வெட்டுக் கத்தி

என் அம்மா மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். இருட்டோடு பிரட்டு என்ற வருகைப் பதிவுக்குப் போய், தன் நிரை மரங்களில் பால் வெட்டி முடித்து, காண்டா என்ற தோள்கம்பில் வாளி சுமந்து எங்களை ஆளாக்கினார். நீரிழிவு அவருடைய பார்வையைப் பறித்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன.

சென்ற பள்ளி விடுமுறையில் அவரை ஓர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனோம். தோட்ட வாழ்க்கைக்கென்றே அங்கே ஓர் அறை இருந்தது. வாசலில் சாய்தளம் உண்டு. உடன் வந்த மாமாவின் சக்கர நாற்காலி சிரமமில்லாமல் ஏறியது. அதற்கு நன்றி. உள்ளே பால் வடியும் கிண்ணமான மங்கு, வாளி, கத்தி எல்லாம் கண்ணாடிக்குப் பின்னால்.

“கத்தியின் வாய் எப்படி வளைந்திருக்கிறது?” என்று அம்மா கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் கண்ணாடியைத் தடவினார். காவலர் ஓடிவந்து, “தொடக்கூடாது அம்மா” என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, அவருக்கு இட்ட உத்தரவு அது. ஆனால் அந்த அறைக்குள் இருந்தவர்களில் அந்தக் கத்தியைப் பிடித்துப் பழகியவர் அம்மா ஒருவர்தான். என்னால் இன்றும் ஆற முடியவில்லை.

மலேசியாவில் மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008-இல் வந்தது. 2010-இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையையும் ஏற்றோம், அதன் 30-ஆம் பிரிவு அருங்காட்சியகங்களைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. நடைமுறையில் வசதி என்ற பேச்சு சாய்தளத்தோடும் கழிப்பறையோடும் நின்றுவிடுகிறது. மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகம் 2015-இல் ஆறு ஓவியங்களைப் புடைப்புப் பிரதிகளாக்கி, பார்வையற்றோர் தொட்டுப் பார்க்க வைத்தது. அதே ஆண்டு டெல்லி தேசிய அருங்காட்சியகமும் தொட்டுணரும் கூடம் ஒன்றைத் திறந்தது. ஓவியத்தையே விரலுக்குக் கொண்டுவர முடிகிறது. பால்வெட்டுக் கத்தி கிடைக்காத பொருளா என்ன?

பிரெய்ல் பலகை வைத்தால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். முதுமையில் பார்வை இழந்தவர்களில் எத்தனை பேருக்குப் புள்ளி எழுத்து தெரியும்? நீரிழிவால் விரல் நுனி மரத்துப்போனவர்களுக்கு அந்தப் புள்ளிகள் பிடிபடுவதே கடினம். அவர்களுக்குத் தமிழில் பேசும் குரல் வேண்டும்.

தோட்டத்துப் பழம்பொருள்களைச் சேர்த்து வைத்திருக்கும் நம் ஊர் அன்பர்களே, என்றாவது ஒரு காட்சிக்கூடம் அமைத்தால் ஒரு மேசையை மட்டும் திறந்து வையுங்கள். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் எட்டும் உயரம் போதும். அதன் மேல் ஒரு மங்கு, முனை மழுக்கிய கத்தி, வெட்டுக்கோடு தெரியும் ஒரு மரத்துண்டு. குரலுக்கு ஆள் தேட வேண்டாம். பேசிப் பதிவு செய்ய அம்மா தயாராக இருக்கிறார்.