வங்கிக்குக் கொடுத்தால் மீட்பு, வீட்டுக்குக் கொடுத்தால் இலவசமா?

கூட்டமொன்றில் கடன் வட்டி பற்றிக் கேட்ட ஒரு அக்காவைப் பார்த்து மண்டபமே சிரித்த அந்த வீடியோவைப் பார்க்காத ஆள் இந்த ஊரில் இருக்க முடியாது. ஆகவே எந்த மண்டபம், மேடையில் இருந்தவர் யார் என்றெல்லாம் எழுதப் போவதில்லை. இரண்டு நாள் பேசாமல்தான் இருந்தேன். இன்று காலை எங்கள் ஆசிரியர் அறையிலும் அதைப் போட்டுப் பார்த்துச் சிரித்தார்கள். இனிப் பொறுக்க முடியாது.

அந்த அக்கா கேட்டது ஒரேயொரு கேள்வி. "வங்கியளுக்குக் காசு போட்டனியள்தானே ஐயா, எங்கட வட்டியை மட்டும் ஏன் குறைக்கேல்ல?" அவ்வளவுதான். கேட்கும்போது பாஸ் புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்கு மேடையில் இருந்து வந்த பதில்: "அம்மா, 2008இல அமெரிக்காவில உங்களை மாதிரிக் கட்ட வசதியில்லாத ஆக்களுக்கு வீட்டுக்கடன் குடுத்துத்தான் உலகமே கவிழ்ந்தது." மண்டபம் சிரித்தது. அக்கா பேசாமல் கதிரையில் இருந்துவிட்டார்.

சரி ஐயா, அமெரிக்காவை இழுத்தது நீங்கள். அமெரிக்காவையே கதைப்போம்.

அங்கே வீட்டுக்கடன் எடுத்த சனம் வங்கியின் கதவை உடைத்துக் காசை எடுத்துக்கொண்டு போகவில்லை. முதல் இரண்டு வருடம் வட்டி குறைவு என்று வீடு தேடி வந்து விற்றார்கள். மூன்றாம் வருடம் வட்டி ஏறும் என்பது கையெழுத்து வைக்கும் கட்டுத்தாளில் எங்கோ ஒரு மூலையில் கிடந்தது. வருமானம் எவ்வளவு என்று சிலரிடம் ஒழுங்காகக் கேட்கவுமில்லை. ஏன் கேட்க வேண்டும்? கொடுத்த கடனைக் கொடுத்தவனே வைத்திருக்கவில்லையே! ஆயிரக்கணக்கான கடன்களை ஒன்றாகக் கட்டி முறி என்ற கடன்பத்திரமாக்கி வேறு யாருக்கோ விற்றுவிட்டான். அந்தக் கட்டுக்கு மேல் 'ஏஏஏ', அதாவது மிகப் பாதுகாப்பானது, என்று முத்திரை குத்தியவை பெரிய தரமிடல் நிறுவனங்கள். பரந்தன் சந்தியில் மாடு விற்பவன்கூடப் பல்லைப் பிடித்துப் பார்க்க விடுவான். இவர்கள் அதற்கும் விடவில்லை.

பிறகு வீட்டு விலை விழுந்தது. 2008 செப்டெம்பர் 15இல் லீமன் பிரதர்ஸ் என்ற முதலீட்டு வங்கி கவிழ்ந்தது. அடுத்த நாளே ஏஐஜி என்ற காப்புறுதி நிறுவனத்துக்கு 85 பில்லியன் டொலர் கடன். ஒக்டோபர் 3ஆம் திகதி வங்கிகளை மீட்க 700 பில்லியன் டொலருக்குச் சட்டம். மூன்று கிழமைக்குள் எல்லாம் முடிந்தது. கடன்பட்ட வீட்டுக்காரனுக்குத் திட்டம் வந்தது 2009இல். 30 முதல் 40 இலட்சம் குடும்பங்களுக்குத் தவணையைக் குறைத்துத் தருவோம் என்றார்கள். கடைசிவரை அந்தக் கணக்குக்குக் கிட்டவும் போகவில்லை. கொடுத்த பத்திரத்தைக் காணவில்லை, திரும்பக் கொண்டுவா என்று சனத்தை அலைக்கழித்த கதைகள் ஏராளம். இதை வாசிக்கும்போது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பத்திரத்தைத் தொலைப்பது எங்கள் மாவட்டக் கச்சேரி அலுவலகத்துக்கு மட்டும் உரிய வித்தை என்று நினைத்திருந்தேன். அதே 2009 மார்ச்சில் ஏஐஜி தன் ஆட்களுக்குக் கொடுத்த போனஸ் 165 மில்லியன் டொலர். அதற்கான பத்திரங்கள் ஒன்றும் தொலையவில்லை.

நான் கேட்பது இதுதான். வங்கியைக் காப்பாற்றுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? காப்பாற்றும்போது வீட்டையும் காப்பாற்றுங்கள். வங்கிக்குக் கொடுத்தால் 'மீட்பு', 'ஸ்திரத்தன்மை'. வீட்டுக்காரன் கேட்டால் 'இலவசம்', 'பழக்கத்தைக் கெடுக்காதே'. இந்த இரட்டை நாக்கைத்தான் அந்த அக்கா கேட்டார்.

2008 செப்டெம்பரை எனக்கு மறக்க முடியாது. அப்போது உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். ஏஐஜிக்குக் காசு போன அதே 16ஆம் திகதிதான், போர் நெருங்க, ஐக்கிய நாடுகளின் வாகனங்கள் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டன. போகவேண்டாம் என்று சனம் வாசலில் நின்று கெஞ்சியது. எங்களைக் காப்பாற்ற வந்தவர்கள் போன நாளில் அங்கே வங்கிகளைக் காப்பாற்ற வந்துகொண்டிருந்தார்கள். அன்று எனக்கு இது தெரியாது. பிறகு திகதிகளைப் பார்த்தபோது ஒரு மாதிரியாகிவிட்டது.

உருத்திரபுரத்து வீட்டை அப்பா கழற்றினார். வெளியூர்க்காரருக்கு இது விளங்காது. நாங்கள் வீட்டை விட்டுவிட்டுப் போன ஆட்கள் இல்லை, கழற்றிக்கொண்டு போன ஆட்கள். ஓடு, கதவு, நிலை, யன்னல் எல்லாம் உழவு இயந்திரப் பெட்டியில். தர்மபுரத்தில் ஒரு மரத்துக்குக் கீழே தரப்பாள் கட்டி இருந்தபோது, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து நான் பெடலைச் சுற்ற, டைனமோவில் வானொலி பாடும். கை ஓய்ந்தால் செய்தியும் ஓய்ந்துவிடும். அப்படித்தான் அந்த 700 பில்லியனைக் கேட்டோம். "எத்தினை சைபரடா?" என்றார் அப்பா. ஏழுக்குப் பின்னால் பதினொன்று என்றேன். தடியால் மண்ணில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். பிறகு செருப்பால் அழித்துவிட்டு, மழை வரப்போகுது, நிலையை மூடு என்றார். பாலை மரத்தில் அவரே செய்வித்த நிலை அது. அதையும் விசுவமடுவில் றோட்டோரம் போட்டுவிட்டுத்தான் அடுத்த இடத்துக்குப் போனோம்.

அமெரிக்காவில் கட்ட முடியாத சிலர் வீட்டுச் சாவியை உறையில் போட்டு வங்கிக்கு அனுப்பிவிட்டுப் போனார்களாம். எங்களுக்குச் சாவி மட்டும்தான் மிஞ்சியது. எப்படி இருக்கிறது கதை!

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். இன்பொக்ஸில் வரத்தான் போகிறது.

"வங்கி விழுந்தால் உன் வைப்பும்தானே போகும்?" ஓம், போகும். அதனால்தான் காப்பாற்றுங்கள் என்கிறேன்.

"அந்த வங்கிகள் வட்டியோடு திருப்பிக் கட்டிவிட்டன." கட்டின, உண்மை. வங்கிகளுக்குப் போட்டதைவிடக் கூடுதலாகவே அமெரிக்கத் திறைசேரிக்குத் திரும்பியது. மூச்சு விட அவகாசமும் மலிவான காசும் கொடுத்தால் யார்தான் கட்டமாட்டார்கள்? எனக்கும் கொடுத்துப் பாருங்கள்.

"வீட்டுக்காரரைக் காப்பாற்றுவது நடைமுறைக்கு ஒத்துவராது." 1933இல் அதே அமெரிக்கா ஒரு கூட்டுத்தாபனம் அமைத்து ஏறத்தாழ பத்து இலட்சம் வீட்டுக்கடன்களைத் தானே பொறுப்பெடுத்தது. ஐஸ்லாந்து 2008இல் மூன்று பெரிய வங்கிகளையும் விழ விட்டது. பிறகு, வீட்டின் பெறுமதியில் 110 வீதத்துக்கு மேல் நின்ற கடனை வெட்டிக் கொடுக்க வழி செய்தது. மனம் இருந்தால் முடியும்.

"அது அமெரிக்கா, இங்கே ஏன் கொண்டுவருகிறாய்?" மேடையில் கொண்டுவந்தது நானா? சரி, இங்கேயே கதைப்போம். 2022 ஏப்ரல் 8ஆம் திகதி இலங்கை மத்திய வங்கி ஒரே நாளில் வட்டியை 7 வீதப்புள்ளியால் ஏற்றியது. 2019இல் நான் எடுத்த வீட்டுக்கடன் மாறும் வட்டி. மாதம் 25,300 ரூபாவாக இருந்த தவணை 38,400 ஆனது. தொலைபேசியில் ஒரு குறுஞ்செய்தி, அவ்வளவுதான் அறிவித்தல். கடனை எடுத்தது நான், வட்டியை ஏற்றியது நானா? எனக்குப் பிணை நின்ற இரண்டு ஆசிரியர்களும் இடைவேளையில் என்னோடு தேத்தண்ணி குடிப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். அவர்களையும் பிழை சொல்ல முடியாது, அவர்களின் சம்பளத்திலும் கைவைக்கலாம்.

2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது வங்கிகளிடம் இருந்த ரூபாத் திறைசேரி முறிகளைத் தொடவில்லை. ஊழியர் சேமலாப நிதியைத் தொட்டார்கள். குறைந்த வட்டி முறிக்கு மாறு, இல்லாவிட்டால் வரி 14இலிருந்து 30 வீதம் என்றார்கள். என் மனைவி தையல் தொழிற்சாலையில் நின்று சேர்த்த காசும் அதற்குள்தான் கிடக்கிறது. 2024 வரவுசெலவுத் திட்டத்தில் வங்கிகளின் மூலதனத்தைப் பலப்படுத்த 450 பில்லியன் ரூபா. இதைத்தான் அக்கா "காசு போட்டனியள்" என்றார். பிழையா? போதாததற்கு நீதிமன்றம் போகாமலே ஈட்டுச் சொத்தை ஏலத்தில் விற்க வங்கிக்கு 1990ஆம் ஆண்டுச் சட்டம் வேறு இருக்கிறது. வங்கி தடுக்கி விழுந்தால் தூக்க அரசாங்கம் ஓடிவரும், நாங்கள் விழுந்தால் ஏலக்காரன் வருவான்.

கடைசியாக ஒன்று. அந்த வீடியோவுக்குக் கீழே ஒருவர் எழுதியிருந்தார்: "வன்னிச் சனத்துக்கு வீடே சும்மா கிடைத்தது, இன்னும் கேட்கிறார்கள்." எழுதியவர் கனடாவில் இருக்கிறார், என் தூரத்துச் சொந்தம், பெயர் சொல்லவில்லை. போருக்குப் பிறகு வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை இலட்சம் ரூபா கட்டம் கட்டமாக வந்தது, நன்றியோடுதான் சொல்கிறேன். சீமெந்து விலையும் மணல் விலையும் தெரியுமா உங்களுக்கு? கூரை போட அம்மாவின் தாலிக்கொடி அடகுக்குப் போனது. மீட்கவேயில்லை. அதற்கு முதல் இங்கிருந்த வைப்பகத்தில், அதாவது புலிகள் நடத்திய வங்கியில், அடகு வைத்த காப்பும் போனது போனதுதான். அதை மீட்க எந்த நாடாளுமன்றமும் இரவிரவாகக் கூடவில்லை. சும்மா கிடைத்ததாம். அப்பாவின் பாலை நிலையைச் சும்மா திருப்பித் தருவார்களா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

நேற்று இரவு அந்த அக்கா தொலைபேசி எடுத்தார். என்னிடம் படித்த பிள்ளையின் தாய். "தம்பி, நான் ஏதும் பிழையாக் கேட்டிட்டனோ? மகள் பள்ளிக்கூடம் போக வெக்கப்படுறாள்" என்றார். பிழையில்லை அக்கா என்றேன். "அப்ப ஏன் எல்லாரும் சிரிச்சவை?"