என் பயமெல்லாம் டேங்க் மேல்தான்

ஹைப்பர்சானிக் விமானம், அதாவது ஒலியைவிட ஐந்து மடங்குக்கு மேல் வேகமாகப் பறப்பது, என்றாலே எல்லோரும் என்ஜினைப் பற்றித்தான் பேசுகிறோம். 2004 நவம்பரில் நாசாவின் எக்ஸ்-43ஏ என்ற ஆளில்லாச் சோதனை விமானம் மாக் 9.6 வேகத்தை (ஒலியைப் போல 9.6 மடங்கு) தொட்டபோதும் அதே பேச்சுதான். ஸ்க்ராம்ஜெட், அதாவது ஒலியைவிட வேகமாக உள்ளே பாயும் காற்றிலேயே எரிபொருளை எரிக்கும் என்ஜின், வேலை செய்கிறது, சரி. ஆனால் அது எரிந்தது சுமார் பத்து விநாடி. வண்டியின் நீளமும் நாலு மீட்டருக்குள். ஆளை ஏற்றிக்கொண்டு மணிக்கணக்கில் பறக்க வேண்டுமென்றால் சிக்கல் எரிபொருள் டேங்கில்தான் என்பது என் கட்சி.

இந்த வேகத்துக்கு எரிபொருளாக, எடைக்கு எடை பார்த்தால் ஹைட்ரஜனை அடிக்க ஆளில்லை. விமான எரிபொருளைப் போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு ஆற்றல். வினையே அது அடைக்கும் இடத்தில்தான். திரவமாக்கினாலும் ஒரு கன மீட்டரில் 71 கிலோதான் கொள்ளும். அதே ஆற்றலுக்கு நாலு மடங்கு பெரிய டேங்க் வேண்டும். விமானத்தின் வயிறு முழுக்க டேங்க் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வயிற்றின் சுவரைக் கொஞ்சம் பாருங்கள். உள்ளே மைனஸ் 253 டிகிரி. வெளியே, மாக் 5 வேகத்தில் மூக்கு நுனியில் மோதி நிற்கும் காற்று ஆயிரம் டிகிரி செல்சியஸைத் தொடும். பத்து மீட்டர் அலுமினிய டேங்கில் திரவ ஹைட்ரஜனை நிரப்பினால் அது சுமார் நாலு சென்டிமீட்டர் சுருங்கும். வெளித்தோலோ பறக்கும்போது சூட்டில் நீளும். இரண்டையும் இறுக்கிப் பிணைத்தால் ஏதோ ஒன்று கிழியத்தான் செய்யும். போதாததற்கு, வெப்பக் காப்புறையில் சின்ன ஓட்டை விழுந்தாலும் வெளிக்காற்று உள்ளே போய்த் திரவமாகிவிடும். சூடேறும்போது ஆவியாகி உறையைப் பிய்த்துக்கொண்டு வரும்.

எக்ஸ்-33 என்ற நாசாவின் விண்விமான முன்மாதிரியின் கதை தெரியுமா? உடல் வடிவத்துக்குள் பொருந்த வேண்டும் என்று, நாலு குமிழ்களை ஒட்டவைத்தது போல ஒரு கார்பன் இழை டேங்க் செய்தார்கள். சுவருக்குள், இரண்டு தகடுகளுக்கு நடுவே, தேன்கூடு போன்ற அடுக்கு. 1999 நவம்பர் சோதனையில் நிரப்பினார்கள், அழுத்தத்தைத் தாங்கியது. காலி செய்த பிறகு பிளந்தது! உள்தகட்டின் நுண்விரிசல் வழியே தேன்கூட்டுக்குள் புகுந்த ஹைட்ரஜன், சூடேறியதும் விரிந்து வெளித்தகட்டைப் பெயர்த்துவிட்டது. 2001இல் திட்டத்துக்கே மூடுவிழா.

அதனால் என் ஓட்டு பழைய உருளை அலுமினிய டேங்குக்கே. ஒரு முனையைப் பிணைத்து, மறுமுனையை நகர விட்டு, சூடான தோலுக்குள் தளர்வாகத் தொங்கவிடுங்கள். இடம் வீணாகிறது என்று சண்டைக்கு வருவீர்கள், வாருங்கள். உருளைச் சுவர் அழுத்தத்தை வெறும் இழுவிசையாகவே தாங்கிக்கொள்ளும். தட்டைச் சுவர் புடைக்கும். அதைத் தடுக்க விலா எலும்பு போலக் கம்பிகளை வைத்தால், மிச்சம் பிடித்த எடை அங்கேயே போய்விடும்.

வடிவத்துக்கேற்ற கார்பன் டேங்கை நூறு முறை நிரப்பிக் காலி செய்து, கசிவில்லாமல் யாராவது காட்டட்டும். அன்றைக்குக் கட்சி மாறிவிடுகிறேன்.