செடியை வேரோடு பாருங்கள் ஐயா, இலையை மட்டும் பார்க்காதீர்கள்

புதிதாக வாங்கி நட்ட துஜா, அதாவது வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கும் ஊசியிலை வகை அழகுச் செடி, பழுப்படிக்கத் தொடங்கியதும் சுற்றியிருக்கிற அத்தனை பேரும் தோட்டக்கலை நிபுணர் ஆகிவிடுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்துகொண்டு, "தண்ணி பத்தலைங்க" என்கிறார். மச்சான் வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தண்ணி ஜாஸ்தி மாப்ளே" என்கிறார். இன்னொருவருக்கு உரம் போடாததுதான் குறை. ஒருவராவது குனிந்து மண்ணில் விரலை விட்டுப் பார்த்தாரா? கிடையாது. நின்ற இடத்திலிருந்து தீர்ப்பு.

சரி, இவர்களையாவது மன்னித்துவிடலாம். விற்றவருக்குப் போன் போட்டால் அவர் சொல்கிற ஒரே வசனம்தான் எனக்கு ரத்தக் கொதிப்பை ஏற்றுகிறது: "எங்ககிட்ட இருந்தவரைக்கும் பச்சையாத்தானே சார் இருந்துச்சு?"

இருந்தது. அதனால் என்ன? வெட்டி எடுத்து வந்து வீட்டுக்குள் நிறுத்திய கிறிஸ்துமஸ் மரம்கூடத்தான் வாரக்கணக்கில் பச்சையாக நிற்கிறது. அதற்கு வேர் என்று ஒன்றே இல்லை! துஜா, ஜூனிப்பர், சைப்ரஸ் வகையெல்லாம் அப்படித்தான். தக்காளிச் செடி மாதிரி தாகம் எடுத்த மத்தியானமே இலையைத் தொங்கப்போட்டு நம்மைக் கூப்பிடாது. இலை மெழுகுப் பூச்சோடு விறைப்பாகவே நிற்கும். கீழே வேர் செத்து பல நாள் ஆன பிறகுதான் மேலே நிறம் மாறும். இன்றைக்குக் கண்ணில் படுகிற பழுப்பு என்றைக்கோ நடந்த கூத்தின் விளைவு. அந்தக் கூத்து என் தோட்டத்தில் நடந்ததா, அவர் ஷெட்டில் நடந்ததா, லாரியில் காற்றடிக்க அடிக்கக் கொண்டுவந்தபோது நடந்ததா என்று பச்சை நிறத்தை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது. ஆனால் பழி மட்டும் வாங்கியவன் தலையில்.

என் வீட்டில் பழுத்த துஜாவைத் தோண்டி எடுத்துப் பார்த்தேன். சுற்றிலும் நான் ஊற்றிய தண்ணீரில் மண் சேறாக இருந்தது. நடுவில், வாங்கி வந்த தொட்டியின் அச்சு அப்படியே ஒரு கட்டியாக நின்றது. அடிப்பகுதியில் தொட்டியின் வளைவை ஒட்டியே வேர்கள் வட்டமடித்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, கயிற்றுச் சுருள் போல இறுகிக் கிடந்தன. கட்டியை இரண்டாகப் பிளந்தால் உள்ளே தூள். ஊதினால் பறக்கிற தூள்! வெளியே சேறு, உள்ளே பாலைவனம். ஒரு வேர்கூட அந்தக் கட்டியைத் தாண்டி வெளி மண்ணுக்குள் போகவில்லை.

இதில் மாயம் எதுவும் இல்லை. நர்சரிகளில் எடை குறைவாக இருக்க வேண்டும் என்று பீட் மாஸ் (சதுப்பு நிலத்தில் மக்கிய பாசி), மரப்பட்டைத் தூள் எல்லாம் கலந்த கலவையில் வளர்க்கிறார்கள். பீட் மாஸ் ஒரு முறை சுண்டக் காய்ந்துவிட்டால் தண்ணீரை உறிஞ்சாது, தள்ளிவிடும். மேலே எவ்வளவு ஊற்றினாலும் கட்டியின் ஓரமாக வழிந்து கீழே ஓடிவிடும். அதனால்தான் "தினமும் ஊத்துறேன், அப்படியும் காயுது" என்று புலம்பும் ஆட்கள் இத்தனை பேர். நடுவதற்கு முன்னால் செடியைத் தொட்டியோடு ஒரு வாளித் தண்ணீரில் அமுக்கி, குமிழி நிற்கும்வரை விட்டு எடுத்து, வட்டமடித்த வேர்களைப் பிரித்துவிட்டு அல்லது ஓரத்தில் கத்தியால் கீறிவிட்டு நட வேண்டும். இவ்வளவுதான் விஷயம். விற்கிற இடத்தில் இதைச் சொல்ல அரை நிமிஷம் ஆகுமா? அதற்குப் பதில் கையில் ஒரு அட்டையைத் திணிக்கிறார்கள். ஒரு சூரியன் படம், ஒரு சொட்டுத் தண்ணீர் படம், "வாரம் இரண்டு முறை நீர் விடவும்". எந்த மண்ணில்? எந்த மாதத்தில்? களிமண்ணில் வாரம் இரண்டு முறை என்றால் அது குளம். மணலில் வெயில் காலத்தில் வாரம் இரண்டு முறை என்றால் அது பட்டினி.

குளமானாலும் செடி இதே பழுப்பைத்தான் காட்டும், அதுதான் கொடுமை. வேருக்குக் காற்று வேண்டும். மண்ணின் இடைவெளியெல்லாம் தண்ணீர் நிரம்பி நின்றால் வேர் மூச்சுத் திணறிச் சாகும், பைட்டோப்தோரா மாதிரி அழுகல் நோயும் வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் தண்ணீருக்குள் நின்றுகொண்டே செடி தாகத்தில் காயும். வேரை இரண்டு விரலால் பிடித்து இழுத்துப் பாருங்கள். தோல் வழுக்கிக்கொண்டு உருவி வந்து, உள்ளே நூல் மாதிரி ஒரு நார் மட்டும் மிஞ்சினால் அது அழுகிய வேர். நல்ல வேர் உறுதியாக இருக்கும், நுனி வெளுப்பாக இருக்கும். ஆக, பக்கத்து வீட்டுக்காரரும் மச்சானும் இருவருமே சரியாக இருக்கலாம், இருவருமே தவறாகவும் இருக்கலாம். தோண்டாமல் தெரியாது. ஆனால் தோண்டத்தான் ஒருவருக்கும் மனசு வராது.

உரம் போடவில்லை என்று குறை சொன்னவருக்கு வருகிறேன். வேரே தடுமாறுகிற செடிக்கு ஒரு பிடி யூரியா போடச் சொல்கிற புத்திசாலித்தனத்தை எங்கே கற்றார்கள்? உரம் மண்ணில் உப்பை ஏற்றும். உப்பு ஏறிய மண்ணிலிருந்து வேர் தண்ணீர் எடுப்பது இன்னும் கஷ்டம். இலை நுனி கருகுவது அதனாலும்தான். செடி ஊன்றிப் புதுத் தளிர் விடும்வரை உரத்தை ஒரு ஓரமாக வையுங்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து கத்தரிக்கோலோடு வருபவர். "மொட்டையா வெட்டி விடுங்க, சூப்பரா துளிர்க்கும்." செம்பருத்திக்குச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். துஜா, ஜூனிப்பர், சைப்ரஸ் இதெல்லாம் பச்சை இல்லாத பழைய கட்டையிலிருந்து பெரும்பாலும் துளிர்ப்பதே இல்லை. யூ (yew) என்கிற ஊசியிலை மரம் மாதிரி சில வகைதான் விதிவிலக்கு. பச்சை இருக்கிற இடத்தைத் தாண்டி வெட்டினால் அந்தக் கிளை என்றைக்கும் குச்சிதான். அதற்கு முன்னால் நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டிப் பார்த்தால் என்ன குறைந்துவிடும்? அடியில் ஈரமாகப் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, விட்டுவைக்கலாம். பழுப்பாக, காய்ந்து இருந்தால் இன்னும் கீழே போய்ச் சுரண்ட வேண்டும்.

பழுப்பு எங்கே இருக்கிறது என்றாவது கேட்கலாம் இல்லையா? உள்பக்கம், தண்டை ஒட்டிய பழைய இலைகள் மட்டும் மஞ்சளாகி உதிர்ந்தால் அது வயசான இலை. செடிக்கு ஒன்றும் இல்லை, போய் வேலையைப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் என்றால் காற்று, சுவரிலிருந்து அடிக்கும் அனல், இத்தனை நாள் நிழல்வலைக்குள் வளர்த்துவிட்டுத் திடீரென்று காட்டிய வெயில். குளிர் நாடுகளில் மண் உறைந்து வேர் தண்ணீர் எடுக்க முடியாமல் போகும் சமயத்தில் காற்று இலையை உலர்த்திவிடும். அடியில் மட்டும் கருகினால் காலைத் தூக்கும் நாயைத் தேடுங்கள். புள்ளி புள்ளியாக, தூசி படிந்த மாதிரி மங்கினால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக் கிளையைத் தட்டுங்கள். விழுந்த புள்ளிகள் நடக்க ஆரம்பித்தால் சிலந்திப்பேன். இதில் எதற்கும் பட்டம் வாங்க வேண்டியதில்லை.

இன்னொரு அநியாயம் உண்டு. தொட்டி மாற்றும்போது தண்டையும் சேர்த்துப் புதைத்து விற்கிறார்கள். தண்டு விரிந்து வேராக மாறும் இடம் மண் மட்டத்தில் தெரிய வேண்டும். நீங்கள் தொட்டியில் இருந்த மட்டத்துக்கே அச்சுப் பிசகாமல் நட்டாலும் அது ஆழ நடவுதான். மேல் கலவையை விரலால் விலக்கி, அந்த இடத்தைத் தேடிப் பிடித்து, அது மேலே இருக்கிற மாதிரி நட வேண்டும். குழி அகலமாக இருக்கட்டும், வேர்க்கட்டியைப் போல இரண்டு மூன்று மடங்கு. ஆழம் மட்டும் அந்தக் கட்டியின் உயரத்தைத் தாண்டக் கூடாது. ஈரம் காக்க இலைதழையால் மூடாக்கு போடுகிறேன் என்று தண்டைச் சுற்றி மலை குவிப்பதும் அதே புதைப்புதான்.

இனி நான் கேட்பது ஒன்றுதான். காசு கொடுப்பதற்கு முன்னால் தொட்டியைக் கழற்றி வேரைக் காட்டச் சொல்வேன். கேட்டுப் பார்த்தாயிற்று, "செடி டிஸ்டர்ப் ஆயிடும் சார்" என்கிறார்கள். நடும்போது எப்படியும் கழற்றத்தானே போகிறேன், அப்போது ஆகாத டிஸ்டர்ப் இப்போது மட்டும் எப்படி வரும்? கழற்ற மாட்டேன் என்றால் அந்தத் தொட்டியை அவரே வைத்துக்கொள்ளட்டும். அவரிடம் இருக்கும்வரை பச்சையாகத்தானே இருக்கும்.