ப்ரமோஷன் எனக்கில்லை மாமா, டீமுக்கு!

இனிமேல் வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் போடுவதென்றால் வக்கீலிடம் காட்டிவிட்டுத்தான் போடுவேன். அப்படி என்ன எழுதிவிட்டேன்? ‘22 வருஷம்! ஒருவழியா ப்ரமோஷன்!!’ பக்கத்தில் ஒரு நரிப் படம். அவ்வளவுதான். இங்கிலாந்தின் உள்நாட்டு கிரிக்கெட் போட்டியான கவுன்டி சாம்பியன்ஷிப்பில், எங்கள் ஊர் லெஸ்டர்ஷயர் அணி 2025-ல் இரண்டாம் டிவிஷனில் முதலிடம் பிடித்து முதல் டிவிஷனுக்கு ப்ரமோஷன் ஆனது. அந்த அணியின் சின்னம் நரி. கிரேஸ் ரோடு மைதானத்தில் ஏப்ரல் குளிரில் மூன்று சட்டை போட்டு உட்கார்ந்தும் விறைத்துப்போன ஒருவன் சந்தோஷத்தில் போட்டது. இதில் புரியாத சொல் ஒன்று உண்டா?

காலை ஐந்தரைக்கு போன். மாமா. ஊரில் அப்போது மணி பத்து, இட்லி சாப்பிட்டுத் தெம்பாக இருப்பார். லெஸ்டரில் மணி என்ன என்று யோசிக்கும் வழக்கம் அவருக்கு 14 வருஷமாகவே கிடையாது.

“மாப்ள, ஒரு வார்த்தை சொல்லல பாத்தியா! நரி முகத்துல முழிச்சிட்டியேடா!”

நரிக்கு அர்த்தம் கண்டுபிடித்துவிட்டார் மனுஷன். தூக்கத்தில் எனக்கு வந்த ஒரே பதில்: “ப்ரமோஷன் எனக்கில்ல மாமா, டீமுக்கு.”

“டீமுக்கே குடுத்துட்டானா! உனக்குக் கீழ எத்தனை பேரு?”

“கிரிக்கெட் டீம் மாமா.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு மெதுவாக, ஆஸ்பத்திரியில் விசாரிப்பது போல, “நீ வேலைக்குப் போறதில்லையா?”

நான் இந்த ஊருக்கு வந்தே 14 வருஷம்தான். அதெப்படி 22 வருஷமாக ப்ரமோஷனுக்குக் காத்திருக்க முடியும் என்று குடும்பத்தில் ஒரு ஆளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. 22 வருஷம் என்றதும், ‘ஆமா, இவனுக்கு அவ்வளவு ஆகும்தான்’ என்று எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். என்னைப் பற்றி வீட்டில் என்ன அபிப்பிராயம் இருக்கிறது என்பது இதிலேயே தெரிந்துபோயிற்று. அதைத் தனியாக ஒரு நாள் பேசிக்கொள்ளலாம்.

சரி, விளக்குவோம் என்று எழுந்து உட்கார்ந்தேன். அதுதான் நான் செய்த தப்பு.

“நம்ம வாஷிங்டன் சுந்தர் ஆடுற டீமா?” அது ஹாம்ப்ஷயர் மாமா. “அப்ப சாய் சுதர்சன்?” அவன் ஆடினது சர்ரே. “அப்ப யாருதான்டா இருக்கா உங்க டீம்ல?” ரெஹான் அகமது என்று ஒரு பையன் இருக்கிறான், டெர்பிஷயருக்கு எதிராக ஒரே மேட்சில் சதமும் அடித்து 13 விக்கெட்டும் எடுத்தான் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். “ஐபிஎல்ல எந்த டீமு?” என்றார். அதோடு ரெஹான் கதை முடிந்தது.

“அந்த 43 ரன் ஓவர் ரீல்ஸ்ல பாத்தேனே, அது உங்க ஆளா?”

அப்பாடா, ஒரு வழி திறந்தது. ஆமாம் மாமா, எங்கள் லூயிஸ் கிம்பர்! 2024 ஜூன், ஹோவ் மைதானம், சசெக்ஸின் ஆலி ராபின்சன் போட்ட ஒரே ஓவரில் 43. நோபால்களையும் சேர்த்து ஒன்பது பந்து. எட்டாம் ஆளாக இறங்கி 127 பந்தில் 243!

“அடேங்கப்பா! எத்தனை ரன்ல ஜெயிச்சீங்க?”

18 ரன்னில் தோற்றோம்.

இந்த இடத்தில் அவர் சிரித்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். “ச்சு” என்றார். அந்த ஒரு ‘ச்சு’வை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

மாமா முப்பது வருஷம் கணக்கு வாத்தியார். அடுத்து பாயிண்டுக்கு வந்தார். ஜெயித்தால் 16. நாலு நாள் ஆடி டிரா ஆனால் 8. “மழை பேஞ்சு டிரா ஆனா?” அதுக்கும் 8. “சும்மா உக்காந்ததுக்கா?” முதல் இன்னிங்ஸில் 250 ரன் எடுத்தால் போனஸாக ஒன்று, 300 எடுத்தால் இன்னொன்று, அப்படியே 450 வரை. மூன்று விக்கெட் எடுத்தால் ஒன்று, ஆறு எடுத்தால் இன்னொன்று… “இது என்னடா, மளிகைக்கடை தீபாவளிச் சீட்டு மாதிரி இருக்கு?”

அப்புறம் கேட்டார் பாருங்கள். “மொத்தம் எத்தனை டீமு?”

பதினெட்டு.

“மேல எத்தனை?”

பத்து. கீழே எட்டு.

“அந்த எட்டுல நீங்க ஃபர்ஸ்ட்டு.”

ஆமாம் மாமா! சாம்பியன்!

“அப்ப மொத்தத்துல பதினொண்ணாவது.”

…

“பதினொண்ணாவது வந்ததுக்கா மாப்ள ஸ்டேட்டஸ் போட்ட?”

இதற்கு என்னிடம் பதில் இல்லை. கணக்கு சரி. கணக்கு சரியாக இருப்பதுதான் வயிற்றெரிச்சல். ஆனால் இவருக்கு என்ன தெரியும்? நான் வந்த 2011-ல் இந்த டீம் டி20 கோப்பையை ஜெயித்தது. நல்ல டீம் போலிருக்கிறது என்று நம்பி உள்ளே போனவன் நான். பலியாடு தானாக நடந்து போனது. அதற்கப்புறம் 2012 செப்டம்பரில் ஒரு சாம்பியன்ஷிப் மேட்ச் ஜெயித்தார்கள். அடுத்த வெற்றி எப்போது தெரியுமா? 2015 ஜூன்! நடுவில் 2013, 2014 இரண்டு சீசன் முழுக்க முட்டை. 2022-ல் மறுபடியும் முட்டை. முதல் டிவிஷனிலிருந்து 2003-ல் கீழே விழுந்த கிளப் இது. ப்ரமோஷன் என்ற ஒன்றை அதன் சரித்திரத்திலேயே இப்போதுதான் பார்க்கிறது. பக்கத்து சீட்டில் வழக்கமாக உட்காரும் வெள்ளைக்காரப் பெரியவர், ஃபிளாஸ்க்கும் குறுக்கெழுத்துமாக வருவார், இத்தனை வருஷத்தில் என்னோடு பத்து வாக்கியம் பேசியிருந்தால் அதிகம். அன்றைக்கு என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு விடவே இல்லை. கை நடுங்கிக்கொண்டிருந்தது. பதினொன்றாவதாம்!

இத்தோடு முடிந்ததா? நான் மாமாவோடு பேசிக்கொண்டிருக்கும்போதே அம்மா பிள்ளையாருக்குச் சிதறு தேங்காய் உடைத்து, தெருவில் ஏழு வீட்டுக்குக் கேசரி கொடுத்தாகிவிட்டது. குடும்ப குரூப்பில் 46 வாழ்த்து. சித்தப்பா ‘உழைப்பே உயர்வு’ என்று ரோஜாப்பூ படம். அத்தை மகன் நேராக விஷயத்துக்கு வந்தான்: ‘ட்ரீட் எப்போ அத்தான்?’ விஷயத்தைச் சொன்னதும் அம்மா, “கேசரி குடுத்த வீட்டுல போய் இல்லன்னு சொல்லவா? பேசாம இரு” என்று சொல்லிவிட்டாள். ஆக, ஊரைப் பொறுத்தவரை நான் இப்போது மேனேஜர். நிஜ மேனேஜரோ மூன்றாவது வருஷமாக ‘அடுத்த வருஷம் பார்க்கலாம்’ என்கிறார். லெஸ்டர்ஷயரே மேலே போய்விட்டது, இவருக்கு மட்டும் அடுத்த வருஷம் வரவே மாட்டேன் என்கிறது.

“எதுக்கும் ஆபீஸ்ல ஒரு ஸ்வீட் குடுத்துடு” என்று அம்மா உத்தரவு. பெல்கிரேவ் ரோட்டில் ஒரு கிலோ வாங்கிக்கொண்டு போனேன். என்ன விசேஷம் என்றார்கள். லெஸ்டருக்கு ப்ரமோஷன் என்றேன். பக்கத்து மேஜைக்காரன் கையில் எடுத்த துண்டைத் திரும்ப வைத்துவிட்டு, “லெஸ்டரா? அவங்கதான் ஏற்கெனவே கீழ போயிட்டாங்களே” என்கிறான். அது ஃபுட்பால்! 2025-ல் பிரீமியர் லீகிலிருந்து இறங்கியது லெஸ்டர் சிட்டி! இது கிரிக்கெட்! “ஓ, கிரிக்கெட் சீசன் இன்னும் நடக்குதா?” என்றான். கிரேஸ் ரோடு எங்கள் ஆபீஸிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிஷம்.

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. நிஜமாகவே. டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நடுக்கூடத்தில் நின்று சிரித்தேன். எல்லோரும் வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். எதற்கென்று அவர்களுக்கும் தெரியாது, கேட்கும் தெம்பு எனக்கும் இல்லை.

ஆனால் ஒன்று. அந்தக் கடைக்காரன் மைசூர்பாகு என்று சொல்லி 14 பவுண்டு வாங்கினானே, அது என்ன வஸ்து? கடித்தால் பல் போகிறது, உடைத்தால் மேஜை போகிறது. ஃபில்டர் காபி மிஷின் பக்கத்தில் மூன்று நாளாக அப்படியே இருக்கிறது, எறும்புகூடச் சீண்டவில்லை. நெய்யை இவன் கண்ணாலாவது பார்த்திருக்கிறானா?