காலை அலை யாருக்கு?
சர்ஃபிங் (அலைச்சறுக்கு) போட்டிக்குக் காலை 6 மணிக்கே கோவளம் வந்துவிடச் சொன்னார்கள். வந்தேன். கடல் கண்ணாடி மாதிரி கிடந்தது, அலை ஒவ்வொன்றும் அவ்வளவு அழகாக உடைந்தது. புதியவர்கள் சுற்று எப்போது? மதியம் 1 மணிக்கு! கடற்காற்று ஏறி அலையெல்லாம் கலைந்து குழம்பிய பிறகு! ஒவ்வொரு போட்டியிலும் இதே கதைதான்.

சரி, இறங்கினேன். 15 நிமிடம், நான்கு பேர், சிறந்த இரண்டு அலைக்குத்தான் மதிப்பெண். எனக்குக் கிடைத்த ஒரே நல்ல அலையில் எழுந்து நிற்கிறேன், பக்கத்திலிருந்தவர் குறுக்கே பாய்கிறார். அலை உடையும் இடத்துக்கு அருகில் இருப்பவருக்கே அந்த அலை. சர்ஃபிங்கில் முதல் பாடமே அதுதானே? நடுவர்கள் கவனிக்கவில்லையாம்! அப்புறம் நேரம் முடிந்தது என்று ஹாரன் அடித்துவிட்டார்கள். எட்டு மாதம் இருட்டில் எழுந்து பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடியது இதற்கா?