மேடைச் சண்டை என்று ஒதுக்காதீர்கள்

அமெரிக்காவில் மாநில ஆட்சியை நடத்தும் கவர்னரை மக்களே தேர்ந்தெடுக்கும் தேர்தலில், பட்ஜெட்டைப் பற்றி வேட்பாளர்கள் மோதிக்கொள்வது வெறும் மேடைப்பேச்சு, ஜெயித்தபின் எல்லாம் அடங்கிவிடும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அங்கே இல்லினாய் மாநிலத்தைப் பாருங்கள்.

2011-இல் அங்கே தனிநபர் வருமான வரி 3 சதவீதத்திலிருந்து 5 ஆனது. 2015 பிறந்ததும் 3.75 ஆகக் குறையும் என்று சட்டத்திலேயே இருந்தது. 2014 தேர்தலில் அன்றைய கவர்னர் பாட் குவின் 5 சதவீதமே தொடரட்டும் என்றார். எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சிக்காரர் புரூஸ் ரவுனர் குறைத்தே ஆகவேண்டும் என்றார். ரவுனர் ஜெயித்தார், வரியும் குறைந்தது. துண்டு விழுந்த பணத்துக்கு வழி என்ன என்பதில் அவருக்கும் ஜனநாயகக் கட்சியின் கையிலிருந்த சட்டமன்றத்துக்கும் ஒத்தே வரவில்லை.

2015 ஜூலையிலிருந்து இரண்டு வருடம் முழுமையான பட்ஜெட்டே கிடையாது! லாட்டரியில் 600 டாலருக்கு மேல் பரிசு விழுந்தவர்களுக்குக்கூடப் பணம் தராமல் நிறுத்தி வைத்தார்கள். ஏழை மாணவர்களின் உதவித்தொகை முடங்கியது. கறுப்பின மாணவர்கள் பெருமளவில் படிக்கும் சிகாகோ ஸ்டேட் பல்கலைக்கழகம், 2016-இல் ஊழியர்கள் அத்தனை பேருக்கும் வேலைநீக்க நோட்டீஸ் கொடுத்தது. படிக்கும்போதே வயிறு எரிகிறது. இந்தச் சண்டையில் அந்தப் பிள்ளைகள் செய்த தப்பு என்ன?

2017 ஜூலையில் கவர்னர் என்ற முறையில் ரவுனர் போட்ட தடையை (வீட்டோ) மீறி, சட்டமன்றத்தில் அவர் கட்சிக்காரர்கள் சிலரும் சேர்ந்துதான் வரியை 4.95 ஆக்கினார்கள். அதற்குள் கொடுக்கவேண்டிய பில் பாக்கி 1,400 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. தாமதமான பில்களுக்கு மாதம் 1 சதவீதம் வட்டி வேறு. பாக்கியை அடைக்க அரசு 600 கோடி டாலர் கடன் பத்திரம் விற்றது.